கடற்கரை ஊரில் கையடக்க கேம் கொன்சோலைப் பேணுவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கையடக்க கேம் கொன்சோல் வைத்திருக்கும் பலருக்கு அது கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ விடுமுறையில் கொண்டுவந்து கொடுத்த பொருளாக இருக்கும். கருவி வந்துவிடுகிறது, அதை எப்படிப் பேணுவது என்று சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்துத் தூசைப் பற்றியே பேசுகின்றன. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் நமக்குத் தூசைவிடப் பெரிய தொல்லை உப்புக் காற்றும் ஈரமும் ஆகும். எதை எங்கே வாங்குவது, எதைத் தொடக்கூடாது என்று அறிய பார்மசி, ஹாட்வெயார், போன் கடை என நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நின்டெண்டோ சுவிட்ச், சுவிட்ச் லைட், ஸ்டீம் டெக், பழைய பி.எஸ்.பி., பழங்கால விளையாட்டுகளை இயக்கும் சிறிய ரெட்ரோ கருவிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்; வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் ஆவணங்களை ஒழுங்கு செய்யுங்கள்

துடைக்கும் துணியைக் கையில் எடுப்பதற்கு முன் கருவியின் தொடர் இலக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். சுவிட்சில் அது கீழ் விளிம்பில், சார்ஜ் துளைக்கு அருகில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஸ்டிக்கர் கை வியர்வையால் மங்கிப்போகக்கூடியது என்பதாலும், அதன்மேல் ஸ்பிரிட் பட்டால் எழுத்து அழியக்கூடும் என்பதாலும் படம் முதலில் வேண்டும். கடையில் வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் சேர்த்துப் படம் எடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பற்றுச்சீட்டு நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும்; ஒரு பிரதி எடுத்து வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு பிளேன்டீக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

உத்தரவாதக் காலம் முடியாத கருவியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். திறந்த தடயத்தைக் காட்டும் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கடைக்காரர் கைவிரிப்பதற்கு அதுவே போதும். வெளிநாட்டில் வாங்கியதாயின் உத்தரவாதம் அந்த நாட்டுக் கடைக்கே பொருந்தும் என்பதைக் கொண்டுவந்தவரிடமே கேட்டு உறுதிசெய்து, பற்றுச்சீட்டை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வாங்க வேண்டியவை, வாங்கக்கூடாதவை

தேவையானவை சிலவே. மூக்குக் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் மைக்ரோபைபர் துணி இரண்டு, ஒன்று ஈரத்துக்கும் ஒன்று உலர்த்தவும். கெமரா லென்சுக்குப் பயன்படும் ரப்பர் புளோவர் ஒன்று. மிக மென்மையான, புதிய பல் துலக்கும் பிரஷ் ஒன்று. மரப் பல்குத்திகள், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், ஒரு டோர்ச். தண்ணீருக்குக் கராஜிலும் எண்ணெய் நிரப்பு நிலையத்திலும் பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கும் காய்ச்சி வடித்த நீர் ஒரு போத்தல். கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதலாக இருப்பதால், காய்ந்தபின் திரையில் வெள்ளைப் புள்ளிகளாக அது தங்கிவிடும்.

சிக்கல் வருவது ஸ்பிரிட்டில்தான். உங்களுக்கு வேண்டியது ஐசோபுரொபைல் ஆல்கஹால். அதிலும் 90 வீதத்துக்கு மேற்பட்டது, முடிந்தால் 99 வீதம். போன் திருத்தும் கடைகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. கேட்டால் பலர் சிறு போத்தலில் ஊற்றித் தருவார்கள். பார்மசியில் போய் வெறுமனே ‘ஸ்பிரிட்’ என்று கேட்டால் உங்கள் கைக்கு வருவது சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டாக இருக்கலாம். அதில் தோலுக்கு இதமாக இருப்பதற்காக ஆமணக்கெண்ணெய் போன்றவை கலக்கப்படுவதுண்டு. அந்த எண்ணெய் ஆவியாகாமல் பொத்தானுக்கு அடியில் படிந்து தூசைப் பிடித்துவைக்கும். கை கழுவும் சனிடைசரிலும் கிளிசரின் இருக்கும். 70 வீத ஆல்கஹால் போத்தலில் மீதி 30 வீதம் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் அதை வெளிப்புற உடலைத் துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், துளைகளுக்குள் விடாதீர்கள். போத்தலின் லேபிளை வாசிக்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம், கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவம், சாதாரண டபிள்யூ.டி. 40 ஆகிய ஐந்தும் கருவியின் பக்கமே வரக்கூடாது. பிளாஸ்டிக்கை உருக்குவது, திரையின் மேற்பூச்சை உரிப்பது, எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கெடுக்கும்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் சட்டென்று தீப்பற்றும். குப்பி விளக்கு, சாம்பிராணித் தட்டு, நுளம்புச் சுருள், அடுப்பு இவை எரியும் இடத்தில் அதன் மூடியைத் திறக்காதீர்கள்.

3. முழுமையாக நிறுத்துங்கள்

திரை அணைந்திருப்பதால் கருவி நின்றுவிட்டதாகக் கொள்ளக்கூடாது. அது உறக்க நிலையில் இருக்கக்கூடும். சுவிட்சில் பவர் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் நிறுத்தும் தெரிவைத் தெரிவுசெய்ய வேண்டும். சார்ஜர் வயரைக் கழற்றி, கேம் கார்டையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்து, பக்கக் கட்டுப்படுத்திகள் கழலும் வகையாயின் அவற்றையும் கழற்றி வையுங்கள்.

4. திரையும் உடலும்

துணி வைப்பதற்கு முன் புளோவரால் ஊதுங்கள். கல்லடிக் கடற்கரைக்கோ பாசிக்குடாவுக்கோ பையில் போய்வந்த கருவியில் கண்ணுக்குத் தெரியாத மணல் கட்டாயம் இருக்கும். சுவிட்ச், சுவிட்ச் லைட் இரண்டின் திரையும் மேற்பரப்பில் பிளாஸ்டிக். மணலோடு சேர்த்துத் துடைத்தால் கீறல் விழுந்தே தீரும். சட்டை நுனியாலோ பழைய சாரத் துண்டாலோ துடைக்கும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஊதிய பின் மைக்ரோபைபர் துணியில் வடித்த நீரைச் சில துளிகள் விட்டு, மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். திரவத்தைக் கருவியின்மேல் நேரடியாகத் தெளிக்கவே கூடாது. விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். ஓலெட் திரையுடைய சுவிட்சில் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைப் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து அதை உரித்துவிடாதீர்கள். புதிய டெம்பர்ட் கிளாஸை அதன் மேலேயே ஒட்டலாம். ஸ்டீம் டெக்கில் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் மங்கலான கண்ணாடி உள்ள வகை உங்களிடம் இருந்தால் வடித்த நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடற்பகுதியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் துணியில் சிறிது ஆல்கஹாலை நனைத்துத் துடைக்கலாம். முதலில் பின்புறத்தில் ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். இங்கே நம் ஊருக்கேயுரிய ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். டெங்குப் பயத்தில் மாலையானதும் கையிலும் காலிலும் நுளம்பு விரட்டிக் கிறீம் பூசுகிறோம். அவற்றுள் பலவற்றில் இருக்கும் ‘டீட்’ என்ற பொருள் சில வகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கக்கூடியது. பொத்தான்களின் எழுத்து மங்கி, பிடியின் மேற்பரப்பு ஒட்டும் தன்மையாக மாறியிருந்தால் அது அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கே இளகியது; எவ்வளவு துடைத்தாலும் திரும்பாது. கிறீம் பூசிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே விளையாடச் சொல்லுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கைக்கும் இதே விதி, காரணம்தான் வேறு.

5. பொத்தான்களும் ஸ்டிக்குகளும்

பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கில் உலர்ந்த பிரஷை மெதுவாகச் சுற்றி, கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதுங்கள். ஒட்டிக்கொள்ளும் பொத்தானுக்கு, ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை அதன் ஓரமாக ஓட்டி, பொத்தானைப் பலமுறை அழுத்தி எடுக்க வேண்டும். மிக்சரும் முறுக்கும் கொறித்துக்கொண்டே விளையாடும் வீட்டில் எறும்புகூடக் கருவிக்குள் குடியேறும். பொத்தானுக்குள்ளிருந்து அது வரிசையாக வெளியேறி வருவதைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை நம்புவார்கள்.

ஸ்டிக்கை, அதாவது பெருவிரலால் அசைக்கும் குமிழை, தொடாதபோதும் விளையாட்டில் வரும் பாத்திரம் தானாக நடந்தால், முதலில் மென்பொருள் வழியாகச் சரிபாருங்கள், அதற்குச் செலவில்லை. சுவிட்சின் சிஸ்டம் செட்டிங்ஸில் கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சர்ஸ் பகுதிக்குள் ஸ்டிக்கை அளவு திருத்தும் தெரிவு இருக்கிறது. அது பலன் தராவிட்டால் கருவியை நிறுத்தி, ஸ்டிக்கின் அடியில் பாவாடைபோல் விரிந்திருக்கும் ரப்பர் விளிம்பைப் பல்குத்தியால் சற்றே உயர்த்தி, 99 வீத ஆல்கஹால் ஓரிரு துளிகளை விட்டு, ஸ்டிக்கை எல்லாத் திசைகளிலும் சுற்றுங்கள். ஒரு மணித்தியாலமாவது காயவிட்ட பின்பே இயக்க வேண்டும்.

இதனால் நீங்குவது இடையில் புகுந்த தூசு மட்டுமே. ஸ்டிக்குக்கு உள்ளே இருக்கும் கரிப்பூச்சுத் தடம் உராய்ந்து தேய்ந்திருந்தால் சில நாட்களில் குறை திரும்ப வரும். அப்போது மேலும் மேலும் ஆல்கஹால் விடுவதில் பயனில்லை, ஸ்டிக்கை மாற்றியே ஆகவேண்டும். மாற்றும்போது ‘ஹோல் எஃபெக்ட்’ வகை கிடைக்குமா என்று கேளுங்கள்; காந்தத்தால் இயங்கும் அதில் உராயும் தடம் இல்லை. விலை கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

6. காற்றுத் துவாரங்கள்

சுவிட்சும் ஸ்டீம் டெக்கும் பின்புறத்தால் காற்றை உள்ளே எடுத்து மேல் விளிம்பினால் சூட்டை வெளியேற்றுகின்றன. பி.எஸ்.பி.யிலும் சிறிய ரெட்ரோ கருவிகள் பலவற்றிலும் விசிறி கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.

டோர்ச் வெளிச்சத்தில் துவாரத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தால் உலர்ந்த பிரஷால் வெளிப்புறமாகத் தட்டியெடுத்து, புளோவரால் குறுகிய ஊதல்களாக ஊதுங்கள். மருதமுனை, காத்தான்குடிப் பக்கம் கைத்தறி இயங்கும் வீடுகளில் நூற்பஞ்சு மிகுதி என்பதால் மாதம் ஒருமுறையும், பெரும்போக, சிறுபோக அறுவடைக் காலங்களில் வயற்பக்க வீடுகளில் இருவாரத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் இதைச் செய்தால் போதும்.

கராஜில் டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் ஊதித் தரச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். அதன் வேகத்தில் சிறு விசிறி வரம்பு மீறிச் சுழன்று கெட்டுவிடும். வீட்டுத் தூசு உறிஞ்சியும் வேண்டாம், அது நிலைமின்னை உருவாக்கும். துவாரத்தைச் சுத்தம் செய்த பிறகும் விசிறி இரைந்துகொண்டே இருந்தால், அல்லது கருவி சூடாகித் தானாக நின்றால், உள்ளே திறந்து சுத்தம் செய்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் வெப்பப் பசையை மாற்ற வேண்டியிருக்கும். சுவிட்சின் பின்மூடியில் மூன்று கிளையுடைய திருகாணிகள் இருப்பதால் சாதாரண ஸ்குரூ டிரைவரால் முயன்றால் தலை வழுகிப்போகும். இதைக் கடையிடம் விடுங்கள்.

7. சார்ஜ் துளையும் கேம் கார்டும்

வயர் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்தால் துளைக்குள் பஞ்சோ மணலோ அடைந்திருக்கும். மரப் பல்குத்தியால் ஓரமாகக் கிளறி ஊதியெடுங்கள். ஊசி, ஊக்கு, சிம் எடுக்கும் கம்பி எதுவும் கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்தால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்ற வேண்டிவரும்.

கேம் கார்டின் பொன்னிறத் தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தொடுமுனையை அரிக்கும். சிறு பிள்ளைகள் வாயில் போடாதிருக்க சுவிட்ச் கார்டுகளில் கடும் கசப்புப் பொருள் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களை நான் தடுக்கப் போவதில்லை.

8. வைக்கும் இடம்

துடைப்பதைவிட இதுவே முக்கியம். உப்பு கலந்த ஈரக் காற்று இரவு பகலாகத் தொடுமுனைகளையும் திருகாணிகளையும் அரித்துக்கொண்டிருக்கும். கடலிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்தில் உள்ள வீடுகளில் கதவுப் பூட்டும் கேற்றும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதைக் கண்டிருப்பீர்கள். எனவே விளையாடி முடிந்ததும் கருவியை மேசையில் விட்டுவிடாமல், மூடியில் ரப்பர் வளையமுள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உணவுப் பெட்டியொன்றில் வையுங்கள். விளையாடிய சூடு ஆறிய பின்பே மூட வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றைப் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் கைப்பைகளிலும் வருபவற்றைச் சேர்த்து வைத்தாலே செலவின்றி முடியும்.

நிறம் மாறும் மணிகள் வாங்கினால் நீலம் இளஞ்சிவப்பாகவும், செம்மஞ்சள் பச்சையாகவும் மாறும்போது அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். மாற்றுவதற்கு அதுவே வேளை. நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் அவற்றைச் சமையல் சட்டியில் சூடாக்காதீர்கள். மாரி காலத்தில் மணிகள் மிக விரைவாக நிறைந்துவிடும் என்பதால் ஐப்பசியிலேயே புதியவற்றை வாங்கி வையுங்கள். கருவியோடு வரும் துணிப்பை தூசையும் கீறலையும் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

கொழும்பிலிருந்து குளிரூட்டிய இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்கியதும் கருவியைப் பையிலிருந்து எடுத்து இயக்குவது கெடுதல். குளிர்ந்த உலோகத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் துளிகளாகப் படியும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே விடுங்கள்.

9. சூடும் பற்றரியும் மின்சாரமும்

சுவிட்சை 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்துமாறு நின்டெண்டோ கூறுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரின் நடுப்பகல் அந்த எல்லையைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்கு அடியில், தலையணைமேல் வைத்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடுவது பற்றரியின் ஆயுளைக் குறைக்க நிச்சயமான வழி. அந்த நாட்களில் மாலையில் விளையாடச் சொல்லுங்கள்.

நீண்டநாள் பயன்படுத்தாமல் வைப்பதாயின் பாதியளவு சார்ஜில் நிறுத்தி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றாவிட்டால் பற்றரி மீளாமல் போகலாம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் அலுமாரியில் பூட்டி வைக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்மூடி உப்பியோ திரை எழும்பியோ தெரிந்தால் உடனே சார்ஜரைக் கழற்றி, அழுத்தாமல், குத்தாமல் கடைக்குக் கொண்டு போங்கள்.

வெளிநாட்டுச் சார்ஜரின் லேபிளில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நமது 230 வோல்ட்டில் பயன்படுத்தலாம். 100 அல்லது 120 மட்டும் இருந்தால் சொருகவே கூடாது. இடிமின்னல் நேரத்திலும், மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும் நேரத்திலும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

10. தண்ணீரில் விழுந்தால்

வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்காதீர்கள்; சார்ஜரைச் சொருகாதீர்கள். இயங்கிக்கொண்டிருந்தால் பவர் பொத்தானைப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து நிறுத்தி, கார்டுகளை எடுத்து, துவாரம் கீழ்நோக்க நிமிர்த்தி வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் ஒன்றும் நடக்காது. தவிட்டுத் தூள் துளைக்குள் போவதே மிச்சம். நல்ல தண்ணீராயின் விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் காயவிடலாம். கடல்நீரோ வாவிநீரோ என்றால் காயவிடுவதே தவறு, ஏனெனில் நீர் போனாலும் உப்பு உள்ளே தங்கி அரிப்பைத் தொடரும். அன்றைக்கே பலகையைக் கழற்றி ஆல்கஹாலால் கழுவக்கூடிய கடைக்குக் கொண்டு போக வேண்டும்.

11. கடைக்குக் கொடுக்கும்போது

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்றிலும் போன் திருத்துபவர்களில் திறமைசாலிகள் இருக்கிறார்கள். சார்ஜ் துளை, பற்றரி, ஸ்டிக் போன்றவற்றை அவர்களால் செய்ய முடியும். பலகைக் கோளாறுகளுக்குக் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களுக்கு அனுப்ப வேண்டிவரலாம். எங்கே கொடுத்தாலும், பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, பாகத்தோடு சேர்த்து எவ்வளவு, பாகம் எங்கிருந்து எப்போது வரும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா என்பவற்றைக் கருவி கைமாறும் முன்பே கேட்டு, பதிலைக் கடைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கருவி, கேட்காமலே திறக்கப்பட்டு, இரண்டு திருகாணி குறைவாகத் திரும்பி வந்தது; எழுத்தில் எதுவும் இல்லாததால் பேச இடமிருக்கவில்லை. அதனால் நான்கு பக்கமும் படம் எடுத்து, தொடர் இலக்கத்தைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். திரையை மாற்றும் செலவைக் கேட்டால் அதே வகைப் பழைய கருவி ஒன்றின் விலையையும் விசாரித்து ஒப்பிட்ட பின் முடிவெடுங்கள்.

மெமரி கார்டை உங்களிடமே வைத்துக்கொண்டாலும், சுவிட்சில் விளையாட்டுச் சேமிப்புகள் கருவியின் உள் நினைவகத்திலேயே இருக்கும். ஆகவே ‘ரீசெட் செய்ய வேண்டாம்’ என்று வாயாலும் எழுத்தாலும் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மறிக்கப்பட்டால் கொழும்புப் பொதிகள் தாமதமாகும் என்பதால், அவசரமில்லாத திருத்தத்தை மாரிக்கு முன்போ தைக்குப் பின்போ வைத்துக்கொள்வது உத்தமம்.

விற்ற கடை உத்தரவாதத்தை மதிக்க மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விசாரிக்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். ‘பாகம் வருகிறது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று கடைக்காரர் இழுத்தடிக்கும்போது கரைவது இந்த மூன்று மாதமே. எனவே இரண்டாவது மாதம் முடிவதற்குள் கடிதத்தை எழுதிவிடுங்கள். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடைச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் இணைத்து, மூலங்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.